மூன்றாவது ஆள் தேவை

குளத்து நத்தைகளைப் பற்றி ஆராய ஆள் தேவை என்று விளம்பரம் வந்தால் யாராவது துள்ளிக் குதிப்பார்களா? நான் குதித்தேன்.

எம்.எஸ்ஸி.யில் நான் செய்த ப்ராஜெக்டே நத்தைதான். ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துக் குளத்தில், முழங்கால் சேற்றில் நின்று பொறுக்கியவை. அதனால் இரண்டு வாரம் முன்பு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கொல்கத்தாவின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு — பெயர் எதற்கு, எல்லாம் ஒன்றுதான் — வாக்-இன் இன்டர்வியூவுக்குப் போனேன்.

“இது ஏழாவதுடி. இந்தத் தடவையாவது கொஞ்சம் வாயை அடக்கிப் பேசு” என்று வழியனுப்பினாள் அம்மா.

விளம்பரத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் ரயிலே ஏறியிருக்க மாட்டேன். தகுதி எம்.எஸ்ஸி. — சரி. ‘இருந்தால் நல்லது’ என்று அடியில் ஒரு வரி: தென் கொல்கத்தா குளங்களில் எட்டு மாதம் நத்தை சேகரித்த அனுபவம். எட்டு... ஏழு இல்லை, ஒன்பது இல்லை. உலகத்தில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒருத்தி இருந்தாள். வாசலில் மேஜை போட்டு எங்கள் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் மௌமிதா. கையெழுத்துக்கு அவள் நீட்டிய தாளில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள். முதல் பெயர் அவளுடையது.

“நீயும் கேண்டிடேட்டா?” என்றேன் வங்காளத்தில்.

“ஹ்யான், தீதி.” ஆமாம் அக்கா என்கிறாள்; தலையைத் தூக்கவில்லை. “எட்டு மாசமா இந்த லேப்லதான் இருக்கேன். ஆபீஸ் ரெஜிஸ்டர்ல பேர் இல்லாம.”

ஃபைலை மூடிக்கொண்டு திரும்பினேன்.

“தீதி, போயிடாதீங்க. மூணு பேராவது வரணும். இல்லைன்னா இன்டர்வியூ கேன்சல். திரும்ப விளம்பரம், திரும்ப காத்திருக்கணும்... உங்களைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.”

“அப்ப நான் எதுக்கு வந்திருக்கேன்?”

“மூணாவதா” என்றாள், ரொம்ப மரியாதையாக.

இவள் மேல் எப்படிக் கோபப்படுவது? எட்டு மாதம் சேற்றில் நின்றவள். கோபத்தை உள்ளே இருக்கும் மூன்று பேராசிரியர்களுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெழுத்தும் போட்டேன்.

உள்ளே நான்கே நிமிடம். நத்தை ஓட்டின் தடிமனை எப்படி அளந்தேன் என்று ஆர்வமாக ஆரம்பித்தேன். ஒருவர் போனைப் பார்த்தார். இன்னொருவர் சந்தேஷ் இனிப்பைப் பாதி கடித்தபடி கேட்டார்: “உங்க சவுத்லதான் நிறைய இன்ஸ்டிட்யூட் இருக்கே, அங்க ட்ரை பண்ணலாமே?”

“நான் பொறந்ததே ஹவுராவில்தான் சார்” என்றேன், அவர் மொழியிலேயே.

“அடடே, வங்காளம் நல்லா வருதே!”

அன்று எனக்குக் கிடைத்த ஒரே மதிப்பெண் அதுதான். நத்தைக்குப் பூஜ்யம்.

இவர்கள்தான் வகுப்பில் ஆதாரம், நேர்மை, பாரபட்சமற்ற பரிசோதனை என்று பாடம் எடுக்கிறவர்கள். முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப டேட்டா சேர்த்தால் மாணவனை ஃபெயிலாக்குவார்கள். தாங்கள் செய்தால்? அதற்குப் பெயர் தேர்வுக் குழு.

நேற்று மெயில் வந்தது. வருந்துகிறோமாம். கீழே பெயர்: மௌமிதா, ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். வேலையில் சேர்ந்ததும் அவள் செய்த முதல் அலுவல், என்னை நிராகரித்தது! அதற்கும் கீழே, சிறிய எழுத்தில் அவளே சேர்த்த ஒரு வரி:

“தீதி, அடுத்த மாசம் இன்னொரு போஸ்ட் வருது. ஆள் ரெடி. ரெண்டு பேர் வந்துடுவாங்க... நீங்க வர்றீங்களா?”

யோசிக்கிறேன். இந்த வேலையில்தான் எனக்கு முன் அனுபவம் இருக்கிறதே.