இல்லாத கிளட்ச்

அவள் வேலை பார்த்தது ஒரு பஸ் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில். டிரைவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரிக்க வேண்டும். வகுப்பில் நின்று ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பேர் வாத்தியாரம்மா. அந்தப் பேரை வைத்தவர் அண்ணன். அதே கம்பெனியில் டிரைவர். மீசை நரைக்கும்வரை கியர் வண்டியையே ஓட்டியவர்.

பழைய வண்டிகளைக் கழித்துவிட்டு மின்சார பஸ்களை இறக்கினார்கள். கியர் இல்லை, இடது காலால் மிதிக்கிற கிளட்ச்சும் இல்லை. கிளட்ச் இருந்த பக்கம்வரை பிரேக் பெடல் அகலமாக நீண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவள் பயந்தது டிரைவர்களின் இடது காலை நினைத்துத்தான்.

மூளை எப்படிக் கற்கிறது என்பதைத்தான் அவள் படித்துவிட்டு வந்திருந்தாள். புதிதாகக் கேட்பதை வாங்கி வைக்கிற இடம் மூளையில் ரொம்பச் சின்னது. அளவுக்கு மேல் திணித்தால் வழிந்துவிடும். வருஷக்கணக்கில் பழகியதோ நம்மைக் கேட்காமல் தானாகவே நடக்கும். இடது கால் கிளட்ச்சைத் தேடுவது அப்படிப்பட்ட பழக்கம். அதைப் பேசி மாற்ற முடியாது. சீட்டில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள், புதுப் பழக்கம் மறக்க மறக்க மறுபடி நினைவுபடுத்திப் பழகினால்தான் உண்டு. இதையெல்லாம் மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"வண்டி வாங்கினது ரோட்டுல ஓட்டவா, நிறுத்தி வச்சுப் பழகவா? ஒரே நாள்ல முடியற மாதிரி பாடம் போடும்மா. பேட்டரி, சார்ஜ், தீ விபத்து, எல்லாம் வந்துடணும். கடைசில பரீட்சை வச்சுடு."

"சார், படிச்ச கையோட கேட்டா எல்லாருமே சரியாத்தான் சொல்வாங்க. கொஞ்ச நாள் கழிச்சுக் கேக்கணும். அதுவும் வண்டியில உக்கார வச்சு..."

"எல்லாரும் சரியாச் சொன்னா நல்லதுதானே! அப்புறம் என்ன?"

இப்படிப் பேசுகிற மனுஷரிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? கரடியாய்க் கத்திப் பார்த்தாள், எடுபடவில்லை. கடைசியில் அவர் கேட்டபடியே செய்துகொடுத்தாள். கலர் கலராகப் படம், இனிமையான குரல், சரியான விடையைத் தொட்டால் பச்சை வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

பரீட்சையில் அண்ணன் ஒரு கேள்வியையும் விடவில்லை. "பாத்தியா வாத்தியாரம்மா, உன் மானத்தக் காப்பாத்திட்டேன்!" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

சில வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு மழை நாள். கண்ணாடியில் தண்ணீர், பின்னால் ஒரே ஹாரன் சத்தம், உள்ளே யாரோ இறங்க வேண்டும் என்று கத்துகிறார்கள். நிறுத்தத்தை நெருங்கும்போது அண்ணனின் இடது கால் எழுந்து, பழைய கிளட்ச்சை மிதிக்கிற வேகத்தில் பிரேக்கை மிதித்தது. பஸ் குலுங்கி நின்றது. இறங்குவதற்காக எழுந்து நின்ற தையல்காரம்மா ஒருவர் கம்பியில் மோதி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இடது காலை வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்மா. தெரிஞ்சே மிதிச்சிருக்கேன் பாரு." அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "இடது காலைப் பயன்படுத்தாதீர்கள்னு பெரிய எழுத்துல ஒரு பக்கம் சேத்துடு. உங்க அண்ணனை மறுபடி பரீட்சைக்கு உக்கார வை."

"அவருக்கு அது தெரியும் சார். தெரியாம நடக்கல."

"நீ சேக்கலன்னா வேற யாராவது சேப்பாங்க. அவ்வளவுதான்."

அவள் சேர்த்தாள். இந்த முறையும் அண்ணன் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்கு வந்தார்.

"நாளையிலேருந்து வண்டி எடுக்கச் சொல்லிட்டாங்க."

"வேணாம்ணா. கொஞ்ச நாள் வண்டியில பழகிட்டு..."

"எங்க பழகுறது? யாரு வண்டி குடுப்பா? ஓட்டலன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதையெல்லாம் படிச்சவ நீ. உண்மையச் சொல்லு, இனிமே அப்படி ஆகாதுல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வாய் வரவில்லை.

"ஆகும்ணா."

அண்ணன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"சரி, காலைல முதல் வண்டி. நான் போய்ப் படுக்கறேன்."