எம்.பி. கொடுக்காத வாக்குறுதிகள்

பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்த ஒருவர் தாம் கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கொடுக்காத வாக்குறுதிகளையும் காப்பாற்றினார் என்றால் சொல்பவனுக்குப் பைத்தியம் என்பார்கள். எனக்குப் பைத்தியமில்லை. அந்த வாக்குறுதிகளைக் கொடுத்தவன் நான். அவருக்குப் பக்கத்தில் நின்று, அவருடைய பெயரில், ஹம்பேர்க்கில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக ஓர் எம்.பி. வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஜெர்மன் எம்.பி.மார் ஞாயிற்றுக்கிழமையில் அசைய மாட்டார்கள். இவர் அசைந்தார். லண்டனின் ஓரத்தில் இருந்த இவருடைய தொகுதியில் தெருவுக்குத் தெரு எங்கள் ஆட்கள். எங்கள் மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அங்கே ஓர் அக்காவோ மச்சானோ இருந்தார்கள். ஹம்பேர்க்கில் கைதட்டினால் அங்கே வாக்கு விழும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அது உண்மையும்தான்.

அவர் வந்த முதல் வருடம் மொழிபெயர்க்க ஒழுங்கு செய்திருந்த ஆசிரியர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். நான் ஒலிபெருக்கிக்காரன். மேடைக்குக் கீழே வயரைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். சங்கத் தலைவர் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"அண்ணை, நீங்கள் துறைமுகத்திலை வேலை செய்யிறனீங்கள். கப்பல்காரர் இங்கிலிஷ்தானே கதைக்கிறவை. ஏறுங்கோ."

கப்பல்காரருடன் நான் கதைத்த இங்கிலிஷ் தூக்கு, இறக்கு, நிற்பாட்டு என்ற மூன்று சொற்கள். அதில் மூன்றாவதுதான் எனக்கு அப்போது தேவைப்பட்டது. அவரோ ஏழு நிமிடம் நிற்பாட்டாமல் பேசினார். நன்றி என்றது விளங்கியது. கடின உழைப்பு என்றது போலவும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் சனத்துக்கு என்ன பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கும் ரெர்மின் எடுக்க வேண்டும். முன்கூட்டி நாளும் நேரமும் குறிக்காமல் போனால் எந்தக் கந்தோரிலும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஐயா சொல்கிறார் என்று தொடங்கினேன்: லண்டனில் உள்ள உங்கள் உறவினர் எவரும் வெள்ளிக்கிழமை என் கந்தோருக்கு வரலாம், ரெர்மின் தேவையில்லை, தேநீர் குடிக்காமல் எவரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எம்.பி. தமது பேச்சு இவ்வளவு நல்லதென்று அதுவரை அறிந்திருக்கவில்லை. முகம் சிவந்து நின்றார்.

அன்றைக்கே ஹம்பேர்க்கில் இருந்து லண்டனுக்குத் தொலைபேசி அழைப்புகள் பறந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய கந்தோர் வாசலில் வரிசை. பிரச்சினை இருந்தவர்கள் பிரச்சினையுடன் வந்தார்கள். இல்லாதவர்கள் தேநீருக்கு வந்தார்கள். மனிதர் ஒன்றும் விளங்காமல் ஒரு பெரிய கேத்தில் வாங்கி வைத்தார். அடுத்து வந்த தேர்தலில் வென்றார்.

மறுவருடமும் என்னைத்தான் கேட்டார். தமது கருத்தை இவ்வளவு உணர்ச்சியுடன் எடுத்துச் சொல்பவர் வேறு எவரும் இல்லையாம். நான் பயந்துபோய் இங்கிலிஷ் படிக்கத் தொடங்கினேன். பிரித்தானியப் பாராளுமன்ற விவாதங்களைக் கணினியில் போட்டுக் கேட்டேன். இந்த வீட்டில் நடக்கிற சண்டை உங்களுக்குப் போதாதா என்று மனைவி கேட்டாள். நாலைந்து வருடத்தில் அவர் பேசுவது எனக்கு முழுவதும் விளங்கியது. விளங்கிய பிறகுதான் உண்மையான துன்பம். பேச்சில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு. ஒருமுறை ஊர்ப் பெயரை மாற்ற மறந்து எங்களை பான் நகர மக்களே என்றார். அதை மொழிபெயர்த்தால் சனம் கதிரையைத் தூக்கி எறியும். புலிவாலைப் பிடித்தவன் விட ஏலுமா? அந்த வருடம் அவர் தமது தொகுதியில் எங்கள் கோவிலுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார். அதாவது நான் சொன்னேன். எட்டு மாதத்தில் கூரை வந்தது.

ஒரே ஒரு வாக்குறுதியை மட்டும் எனக்காகக் கொடுத்தேன். என் அண்ணன் அவருடைய தொகுதியில் இருந்தான். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் படுத்துவிட்டான். என்னிடம் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு பிரித்தானிய விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் மறுத்தார்கள். அந்த வருட விழாவில் எம்.பி. வீதிப் பராமரிப்பைப் பற்றிப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்: என் தொகுதியில் ஒரு தமிழர் இறந்து, அவருடைய உறவினர் வர முடியாமல் போனால், அந்த உறவினரின் இடத்தில் நான் வந்து நிற்பேன்.

அன்று யாரும் கைதட்டவில்லை. மாசி மாதம் அண்ணன் போய்விட்டான். அந்த வாக்குறுதி அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அண்ணன் மனைவி, என் மச்சாள், எம்.பி.யின் கந்தோருக்கு ஆள் அனுப்பிவிட்டாள். செத்தவீட்டு வீடியோவைத் தொலைபேசியில் பார்த்தேன். கறுப்பு ரை கட்டிய நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் நனைந்த குடையுடன் பெட்டியருகில் நின்றார். வாய்க்கரிசி போடச் சொல்லி அவர் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அவர் ஏதோ கேட்டார், யாரோ பதில் சொன்னார்கள், போட்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆட்களின் செத்தவீடு ஒன்றையும் தவறவிடவில்லை. தேர்தல் ஒன்றிலும் தோற்கவில்லை.

போன வருடம் இனிமேல் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். கடைசியாக ஒருமுறை ஹம்பேர்க்குக்கு வந்தார். இப்போது என் மகள் கப்பல் கம்பனி ஒன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து அங்கேயே வேலை செய்கிறாள். நாள் முழுவதும் இங்கிலிஷில்தான் கதைப்பாள். இத்தனை காலமும் விழாவுக்கு வராதவள், அப்பா மொழிபெயர்ப்பதைக் கேட்க வேண்டும் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு நான் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தவன்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் எம்.பி. பேசினார். கையில் காகிதம் இல்லை. தாம் ஒருநாளும் எவருக்கும் தேநீர் தருவதாகச் சொல்லவில்லை என்றார். பஸ் தரிப்பிடத்தைப் பற்றியும் சொல்லவில்லை, செத்தவீடுகளைப் பற்றியும் சொல்லவில்லை. யார் சொன்னது என்று தமக்குத் தெரியாது. சனம் வந்து நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டபோது இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் செய்துவிட்டாராம். தமது அரசியல் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தவை அவை மட்டும்தானாம்.

ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மகளும் பார்த்தாள். ஐயா சொல்கிறார் என்று தொடங்கி, இருபது வருடத்தில் முதன்முறையாக அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும். அண்ணைக்கு இண்டைக்குக் களைப்பு, பிழையாச் சொல்லிப்போட்டார். ஐயா அப்பிடிச் சொல்லேல்லை. பதவி போனாலும் வெள்ளிக்கிழமைத் தேத்தண்ணி இனித் தன்ரை வீட்டிலை எண்டு சொல்லுறார்."

தலைவருக்கு இங்கிலிஷில் ஒரு சொல் தெரியாது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எம்.பி. பழக்கப்படி முகம் சிவந்து தலை குனிந்தார்.

விமான நிலையத்துக்கு மகள்தான் காரோட்டினாள். நான் முன்னால், அவர் பின்னால், மடியில் ஐந்து பொன்னாடைகள். தலைவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, கூடுதலாகப் பால் வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். மகள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அப்பா, நீங்களாச் சொல்லுங்கோ."

சொன்னேன். தேநீர், கூரை, எல்லாம் நான் என்றேன். மாசி மாத மழையில் குடையுடன் நின்றீர்களே, அந்தப் பெட்டியில் கிடந்தவன் என் அண்ணன், நீங்கள் நின்றது என் இடம் என்றேன். அவ்வளவும் இங்கிலிஷில் சொன்னேன், பாராளுமன்றத்தில் படித்த இங்கிலிஷ்.

அவர் ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

அது தாம் போன முதலாவது தமிழ்ச் செத்தவீடு, அதனால் மறக்கவில்லை என்றார். அரிசியை எந்தக் கையால் போடுவது என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றவர் வலது கை என்றாராம். அந்த மனிதர் சரியாகத்தான் சொன்னாரா என்று இத்தனை வருடமும் மனத்தில் ஒரு சந்தேகம் கிடந்ததாம். சரிதானா என்று என்னைக் கேட்டார்.

இங்கிலிஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஓம்" என்றேன். மகள்தான் அதை அவருக்கு மொழிபெயர்த்தாள்.