ஜெசிந்தா கண்டுபிடித்த முப்பத்திரண்டு பைட்

ஜெசிந்தா இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அனுப்பியவர் எங்கள் மேலாளர். 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று எழுதியிருந்தார். முதலியார்பேட்டையில் இறங்க வேண்டிய நான் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இரங்கல் கூட்டத்தில் பேச மேலாளரே என்னை அழைத்தார். "பழசெல்லாம் எதுக்கு சேகர்? நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க." அங்கே வராத நண்பர்களுக்காக அந்தப் பழசை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் ரத்த வங்கிக் குளிர்பெட்டிகளுக்கான வெப்பப் பதிவுக் கருவி செய்கிறோம். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து மெமரி கார்டில் எழுதும். பல வருடம் ஒழுங்காக ஓடியது. விலை குறைந்த வேறு வகைப் பிராசஸருக்கு மாறியபின் கார்டில் கோப்புகள் சிதையத் தொடங்கின. ஒரு மருத்துவமனையில், பெட்டி குளிராக இருந்ததற்குச் சான்றில்லை என்று அதிலிருந்த ரத்தப் பைகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கோப்பு எழுதும் புரோகிராம் ஜெசிந்தாவுடையது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து, "யாரோ குடுத்த ரத்தத்த வீணாக்கிட்டீங்க" என்றார்.

ஜெசிந்தா கெட்ட கார்டுகளை வரவழைத்து, உள்ளே இருந்ததை அச்செடுத்து, சாரம் பகுதியிலிருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஒரு ஞாயிறு மதியம் நானும் போயிருந்தேன். சிதைந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் வளைத்துக்கொண்டே, "எண்ணிப் பாருங்க சேகர்" என்றார்.

எண்ணினேன். எல்லாமே சரியாக முப்பத்திரண்டு பைட்.

"கார்டு கெட்டா இவ்ளோ ஒழுங்கா கெடாது. இது பிராசஸரோட வேல."

பிராசஸர் எழுதுவது முதலில் அதன் கையருகே உள்ள வேக நினைவகத்தில், முப்பத்திரண்டு பைட் கட்டுகளாக நிற்கும். பழைய பிராசஸர் அதைத் தானே முதன்மை நினைவகத்தோடு ஒத்துப்போக வைக்கும். புதியதற்கு அதைப் புரோகிராமில் ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதன்மை நினைவகத்தில் கிடக்கும் பழைய குப்பைதான் கார்டுக்குப் போகும். அந்த வரி முதலில் இருந்திருக்கிறது. அது கருவியைச் சற்று மெதுவாக்கும். வாடிக்கையாளருக்குக் கருவியின் வேகத்தைக் காட்டுவதற்காக ஒருவர் நீக்கியிருக்கிறார். யார் எதை மாற்றினார் என்று குறிக்கும் மாற்றப் பதிவில் நாங்கள் கண்டது மேலாளரின் பெயர்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவை அச்செடுத்த தாளை ஜெசிந்தா மேசையில் வைத்தார். "யார் எடுத்தாங்கன்றதா இப்ப முக்கியம்? சரி பண்ணிட்டாப் போச்சு" என்றார் மேலாளர். "சேகர், நீங்க பாத்தீங்களே. சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார் ஜெசிந்தா. நான் குனிந்துகொண்டேன். வரி திரும்ப வந்தது, கோப்புகள் சிதைவது நின்றது. மருத்துவமனைக்குப் போன கடிதத்தில் மட்டும் பிழை ஜெசிந்தாவுடையதாகவே இருந்தது. அந்த வாரமே அவர் வேலையை விட்டார்.

பிறகு அவர் நோயில் விழுந்து, அது முற்றிய நாள்களில் போய்ப் பார்த்தேன். குரல் இறங்கியிருந்தது, பேச்சு இறங்கவில்லை. "நான் செத்தப்புறம், மன்னிச்சுட்டுப் போயிட்டாள்னு எவனாவது பேசுவான். விடாதீங்க. நான் மன்னிக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உங்களையும்தான்" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர் அதையேதான் பேசினார்: "யார் மேலயும் மனஸ்தாபம் இல்லாம போனாங்க."

நான் எழுந்து மாற்றப் பதிவை வாசித்தேன். தேதி, நேரம், நீக்கப்பட்ட வரி, நீக்கியவர் பெயர். "சேகர், இதுக்கு இது இடமில்ல" என்றார் மேலாளர். "நீங்க பேசினதும் இந்த இடத்துலதான்" என்று சொல்லிவிட்டு, அன்று நான் வாய் திறக்காமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஜெசிந்தாவின் கணவர் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். மேலாளர் நீட்டிய மாலையை வாங்கவில்லை.

மறுநாள் அந்தப் பதிவையும் என் கையெழுத்திட்ட கடிதத்தையும் மருத்துவமனைக்கு அனுப்பினேன். எனக்கு வேலை நிலைக்குமா என்று தெரியாது. ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அதில் என் மேல் இருந்த பங்கும் இருக்கிறது. இரண்டையும் ஆறவிடப் போவதில்லை.