நிறை குறையாத கிணறு

எங்கள் கிணற்றில் பாதிப் பங்கு மச்சானுக்கு. அவர் பக்கத்துக் காணிக்காரர். மறுபாதியின் உறுதிப்பத்திரம் கனடாவில் இருக்கும் அண்ணையின் பெயரில். அந்தத் தண்ணீரைக் குடிப்பது நானும் மனைவியும்.

தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். மாரி பொய்த்த அந்த வருடம் வெள்ளிதோறும் கயிறு விட்டுக் கிணற்றை அளந்தேன். ஒரு மிடறு குடித்தும் பார்த்தேன். மட்டம் பெரிதாக இறங்கவில்லை. சுவைதான் மாறிக்கொண்டு வந்தது. “பருப்பு அவியுதில்லையப்பா” என்றாள் மனைவி.

மச்சானோ வெங்காயத் தோட்டத்துக்காகக் கிணற்றடியில் குழாய்க்கிணறு அடிக்க நின்றார். பங்குக் கிணறு என்பதால் மறுபங்கின் சம்மதம் வேண்டும். இறைக்க இறைக்க உப்பு ஏறும் என்று நான் மறுத்ததும் அவர் நேரே அண்ணையைப் பிடித்தார்.

அண்ணை அன்றிரவே அழைத்தார். முதலில் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எங்கள் பக்கம் முழுக்க ஒரே நீலக் கட்டம்.

“ரெண்டு செய்மதி ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு பறக்குதடா. கீழை தண்ணிப் பாரம் மாறினா அதுகளின்ரை இடைவெளி மாறும். அதை வச்சு நிலத்தடித் தண்ணியை நிறுக்கிறாங்கள். நீலம் எண்டா உங்கை ஒண்டும் குறையேல்லை.”

“அண்ணை, உந்த ஒரு கட்டத்துக்குள்ளை குடாநாடும் கடலும் வன்னியும் சேர்ந்தெல்லே கிடக்குது. அதோடை, நல்ல தண்ணி போன இடத்துக்குக் கடல்தண்ணி வந்தாலும் பாரம் இருக்கும்தானே?”

“உனக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறதுதான் வேலை. நான் மச்சானுக்கு ஓம் எண்டிட்டன்.”

மறுநாள் வேலிக்கு மேலால் மச்சான் சிரித்தார். “செய்மதியே சொல்லிப்போட்டுது. நீ இன்னும் கயித்தோடை நில்லு.”

குழாய்க்கிணறு அடித்தார்கள். தண்ணீர் பீறிட்டு வந்தது. மச்சான் விடியவிடிய மெசின் போட்டு இறைத்தார். அந்தப் போகம் முடியுமுன்னே வெங்காயத்தாள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. எங்கள் வீட்டுத் தேநீரில் பால் திரிந்தது. பிறகு வாய் கொப்பளிக்கவும் முடியவில்லை. மச்சான் குழாயின் வாயைக் கட்டிவிட்டு, வெங்காயத்தைக் கைவிட்டார். இப்போது வேலிக்கு மேலால் அவர் கதைப்பதில்லை.

கிணற்றில் தண்ணீர் நிறையவே நிற்கிறது. முகம் பார்க்கலாம்.

போன கிழமை அண்ணை இன்னொரு படம் அனுப்பினார். “பாத்தியா, இப்பவும் நீலம்தான்.”

“ஓம் அண்ணை, பாரம் குறையேல்லை” என்று எழுதி அனுப்பினேன். ஒழுங்கை முகப்பில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஹோர்ன் அடித்தது. வெறும் கான்களைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மச்சான் நின்றார்.