மூன்றாம் நிலையில் பெரியப்பா

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. தவக்காலம் வந்தால் போதும், அவர் ஒருசந்தி இருப்பது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வாயைக் கட்டினாரே தவிர மூடியதில்லை. "நாப்பது நாளு, ஒருவேளச் சோறு. எவனாவது இருப்பானா, சொல்லு!" என்று காய்கறி வண்டிக்காரரைக்கூட நிறுத்திக் கேட்பார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அந்த மனுஷர், பாவம், தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளுவார். தவக்காலத்திலும் காலையில் இட்லி சாப்பிடும் என் அப்பாவுக்குப் பெரியப்பா வைத்த பெயர் 'இட்லிக் கிறிஸ்தவன்'. அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு இட்லி போட்டுக்கொள்வார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. நோயாளிகளுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை என்று பங்குச் சாமியாரே வீடு தேடி வந்து சொன்னார். பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "பாலைவனத்துல மார்ச் பண்ணவன் சாமி நானு. இதெல்லாம் மத்தவங்களுக்குச் சொல்லுங்க" என்றார். பெரிய வெள்ளியன்று, இயேசு உயிர்விட்ட மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்தான், சிலுவைப்பாதையில் மரச்சிலுவையையும் கடைசி வரை நானே சுமப்பேன் என்று அறிவித்துவிட்டார்.

அன்று காலை பெரியம்மா கெஞ்சினார். "மாத்திரயப் போட்டுட்டு வெறும் வயித்தோட வெயில்ல போவாதீங்க. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா சாமி கோச்சிக்குமா?"

பெரியப்பா மாத்திரையை மட்டும் விழுங்கினார். மாத்திரை சாப்பாட்டில் சேராது என்பது அவர் சட்டம். எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு பெருமை. பெரியம்மாவுக்குத்தான் பக்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் ஊர்வலம் நின்று ஜெபிக்கும். இரண்டாம் நிலையிலேயே பெரியப்பாவின் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. மூன்றாம் நிலைக்கு வந்தோம். "இயேசு முதல் முறை கீழே விழுகிறார்" என்று உபதேசியார் மைக்கில் வாசித்தார். பெரியப்பா சிலுவையோடு விழுந்தார்.

கூட்டம் உருகிப்போய்விட்டது. "அடடா, எப்பிடித் தத்ரூபமா வுழறாரு பாரேன்!" என்று ஓர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாக கேமரா செல்போன் வாங்கியிருந்த ஒருவர் படம் எடுத்தார். உபதேசியார் தன் பாட்டுக்கு ஜெபத்தைத் தொடர்ந்தார். நானும் பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம், "எங்க பெரியப்பா!" என்று பீற்றிக்கொண்டேன்.

பெரியம்மா மட்டும் என் கையை உதறிவிட்டு ஓடினார். "ஐயோ, நடிக்கலய்யா! சக்கர எறங்கிடுச்சி!" மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, சர்க்கரையை அவர் வாயில் திணிக்கப் பார்த்தார். பெரியப்பா அந்த நிலைமையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணு... மணி..." என்று முனகினார்.

"இத சாமி கேக்கல. நீங்கதான் கேக்குறீங்க. தொறங்க வாய!"

வாய் திறந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் அவர். அன்று மண்ணும் சர்க்கரையும் சேர்ந்தே ஒட்டியிருந்தன. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கீழே கிடந்த சிலுவையை அப்பா தோளில் எடுத்துக்கொண்டார். மிச்ச நிலைகளை இட்லிக் கிறிஸ்தவன்தான் சுமந்து முடித்தார்.

சாயங்காலம் கோயிலில் சிலுவையில் உதடு பதித்து முத்தி கொடுக்க எல்லோரும் வரிசையில் போனோம். எப்போதும் முதல் ஆளாக நிற்கும் பெரியப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கடைசியில் பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்காலிட்டு முத்தி கொடுத்தவர் எழுந்திருக்கவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒருசந்தி முறிந்துபோன துக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அழுகை முட்டியது. தாங்க முடியாமல் ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன். "அழாதீங்க பெரியப்பா. அடுத்த வருஷம் ஜெயிச்சிடலாம்."

அவர் கண்ணீரோடு சிரித்துவிட்டார். சிலுவையில் இருந்தவரைக் காட்டிச் சொன்னார். "வேணாம் கண்ணு. இத்தினி வருஷமா ஜெயிச்சிக்கினேதான் இருந்தேன். இன்னிக்கித்தான் இவருகிட்ட வந்து சேந்தேன்."

தோற்றுப்போன மனுஷர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. மூன்று மணி வரை மட்டும் தாங்கியிருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பாரே என்றுதான் ஆதங்கப்பட்டேன்.