தெருவுக்கே ஒரு நம்பர்

பீரோவை ஒழிக்கையில் துபாய் மாமாவின் பழைய கீபேட் போன் அகப்பட்டது. சார்ஜில் போட்டதும் பச்சைத் திரை மெல்ல விழித்தது.

லீவில் வந்த மாமா அதைக் கொண்டுவந்தபோது எங்கள் ஊர் முக்கூடலில் டவர் கிடையாது. ஆனாலும் மூக்குக்கண்ணாடிக் கூடு போல அதைத் திறந்து, உள்ளிருந்த குட்டிப் பொத்தான்களை டிக் டிக்கென்று அழுத்தி மாமா பெயர்களைச் சேர்க்கச் சேர்க்க, தெருவே சுற்றி நின்று பார்த்தது.

"ஏலே, எம் பேரையும் போடு" என்றாள், அவருடைய அக்காவான என் அம்மா.

வீட்டில் போன் இல்லாத எங்கள் எல்லோருக்கும் மாமா போட்டது கடைக்கார அண்ணாச்சியின் நம்பரைத்தான். துபாயிலிருந்து மணி அடித்தால் அண்ணாச்சி தெருவில் இறங்கி, "ஏ தாயி, ஒன் தம்பி பேசுதான், ஓடியா!" என்று கத்துவார், அம்மா ஈரக்கையோடு ஓடுவாள்.

திரையில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது, அதே நம்பரோடு. இறங்கிப்போய்க் கூப்பிட அண்ணாச்சிதான் இல்லை. கூப்பிட்டாலும் ஓடிவர அவளில்லை.