பிரான்சிஸ் அண்ணையும் ஒரு பை ஆற்று மணலும்

பிரான்சிஸ் அண்ணை போய்விட்டார். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்தாள்... நித்திரையிலேயே போனாராம்.

மாதக்கணக்காக நோவில் துடித்த மனிதர். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான்.

சண்டைக் காலத்தில் ஒரு ஷிப்பிங் ஒபிஸில் இருவரும் கிளார்க். பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் வீடு முழுக்க மீன் தொட்டி. எங்கள் வெள்ளவத்தை வாடகை அனெக்ஸில் ஒன்றே ஒன்று, அதில் என் மகளின் கோல்ட்ஃபிஷ்.

குண்டுவெடிப்பு, ஆமி ரவுண்டப் என்று பிள்ளையை வெளியே விளையாட விட முடியாத நாட்கள். அந்த மீன்தான் அவளுக்குக் கூட்டாளி.

ஒருநாள் தொட்டியில் போட்டிருந்த நீலக் கல் ஒன்று மீனின் வாயில் இறுகிவிட்டது. மகள் வீறிட்டு அழுகிறாள்... அண்ணைக்குப் போன் போட்டேன்.

ஓடி வந்தார். கையை நனைத்து, மீனைத் தலைகீழாகப் பிடித்து, தொண்டையை மெல்ல அமத்தினார். கல் விழுந்தது.

"இவர் அடியைக் கிண்டித்தான் சாப்பிடுவார், தங்கச்சி. வாய்க்குள்ள போற கல்லைப் போட்டா என்ன செய்வார் பாவம்? பெரிய கல்லுப் போடுங்க, இல்லாட்டி நைஸ் மணல் போடுங்க" என்றார் என்னிடம்.

மணலுக்கா பஞ்சம்? ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஒரு பேசின் நிறைய அள்ளி வந்து, கழுவிப் பெருமையாக வைத்தேன்.

அண்ணை அதில் கொஞ்சம் வினாகிரி விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

"எல்லாம் சிப்பித்தூள். தண்ணியக் கெடுத்துப் போடும். விடுங்க, களனியில மச்சான் வீட்டுப் பக்கம் ஆத்து மணல் இருக்கு. சனிக்கிழமை நான் கொண்டு வாறன்."

சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னவர் பொழுதுபட்டும் வரவில்லை. அன்று ரோடெல்லாம் செக்பொயின்ற். பாரமான பையோடு ஒரு தமிழ் ஆம்பிளை...

அவர் வீட்டுக்குப் போன் எடுத்தால், "காலையிலயே போயிட்டாரே" என்கிறார் அவர் மனைவி. மீனுக்கு மணல் எடுக்கப் போய் மனிதரைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால், அண்ணை! சட்டையெல்லாம் மணல். சிரிப்பு வேறு.

ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்களாம். "மாளுன்ட வெலி, சேர்", மீனுக்கு மணல் என்று சிங்களத்தில் எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லையாம். ஆமிப் பெரியவர் வரும்வரை ரோட்டோரம் இருத்திவிட்டார்களாம்.

"வந்த பெரியவரும் மீன் வளக்கிறாராம், தங்கச்சி! நல்லாக் கழுவிப் போடு என்டு எனக்கே பாடம் எடுத்தாரு!"

நான் கதவடியில் நின்று விம்மி விம்மி அழுதேன். "ஐயோ, மீனுக்கு ஒண்டும் ஆகாது. இப்பவே போடுவம்" என்று அவர் பேசினைத் தேடினார்.

நோவில்லாமல் நித்திரை கொள்ளுங்கோ, அண்ணை.

அன்றைக்கு நான் அழுதது மீனுக்காக இல்லை. நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்களே... அதற்கு.